போலாசெக் கடையிலிருந்து காணாமல் போனவை

போலாசெக் ஸ்டேக்ஹவுஸ் என்ற மாட்டிறைச்சி உணவகம் எரிந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கடைக்கு விடுமுறை. அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிப்ரவரிக் குளிரில் தீயணைப்பு வண்டிகள் பீய்ச்சிய தண்ணீர் சுவரிலேயே உறைந்து, கரிந்த கட்டடத்தின் மேல் விழுது விழுதாகத் தொங்கியது. மார்லிஸ் குசேரா நைட்டியின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். பக்கத்தில் முதலாளி எமில் போலாசெக் வீட்டுச் செருப்போடு பனியில் நின்றிருந்தார்.

"கால்ல என்ன எமில், செருப்பா? விரல் உதிர்ந்து போகும். வண்டியில ஏறுங்க."

"அடுப்பை அணைச்சுட்டுத்தான் போனேன், மார்லிஸ்."

"அடுப்பு இல்லயாம். சுவருக்குள்ள இருந்த பழைய ஒயராம். இப்பதான் தீயணைப்பு ஆள் சொன்னார்."

"அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றார் அவர் மறுபடியும்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் காரில் உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டுவிட்டாள் மார்லிஸ். பிறகு தானும் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக அவளுக்குச் சோறு போட்ட இடம் அது.

மார்லிஸ் பிறந்ததே தெற்கு ஒமாஹாவில், மாட்டுச்சந்தைக் கொட்டடிகளுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா இறைச்சி ஆலையில் தோல் உரிக்கும் வரிசையில் நின்றவர். காற்று தெற்கிலிருந்து அடித்தால் துவைத்த துணியை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் அவள் ரே குசேராவைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாட்டு லாரி ஓட்டுபவன், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவன். மகள் ஜோலீன் பிறந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் அவன் டெக்சஸுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். வேறொருவன் ஓட்டி லாரி திரும்பி வந்தது. ரே வரவில்லை. அந்த வாரமே மார்லிஸ் போலாசெக் கடைக்குப் போய் வேலை கேட்டாள்.

"தட்டு தூக்கியிருக்கியா?" என்று கேட்டார் எமிலின் மனைவி லிபி.

"கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டே எல்லா வேலையும் பண்ணியிருக்கேன்."

"அப்ப தட்டு ஒண்ணும் பெருசில்ல" என்று லிபி அவளிடம் ஒரு வெள்ளை ஏப்ரனைக் கொடுத்தார்.

அன்று தொடங்கியது. சிவப்புத் தோல் இருக்கைகள், மங்கலான விளக்கு, மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி. ஆள் உட்கார்ந்ததுமே ஐஸ் மேல் அடுக்கிய கேரட், செலரி, முள்ளங்கி, ஊறுகாய் வெள்ளரி நிறைந்த கண்ணாடித் தட்டு வரும். அப்புறம் ஈரல் உருண்டை போட்ட சூப். அப்புறம் சமையல்காரர் ஓடெல் கேன்ஸ் கரி அடுப்பில் சுட்ட மாட்டுத் துண்டு, தட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கும் அளவில், பக்கத்தில் வெங்காய வளையங்கள். சந்தையில் மாடு விற்றுவிட்டு பூட்ஸில் சாணியோடு வருபவர்களும், மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும், நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் கிழித்துவிட்டு வரும் வக்கீல்களும் ஒரே மாதிரியான இருக்கையில்தான் உட்கார வேண்டும். மார்லிஸ் அந்தச் சம்பாத்தியத்தில் ஜோலீனைப் படிக்கவைத்தாள், சின்னதாக ஒரு வீடு வாங்கினாள், இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டாள். ஜோலீன் நர்ஸ் ஆகி ஃபீனிக்ஸில் குடியேறிவிட்டாள்.

தீ விபத்துக்குப் பிறகு மார்லிஸால் நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கும்போது இன்சூரன்ஸ் முகவர் டான் ஹ்ருஸ்கா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மூலை மேஜையிலதான் மார்லிஸ், என்னைக் கட்டிக்கிறியான்னு அவகிட்ட கேட்டேன். இப்ப நினைச்சாலும்…" என்று நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

மார்லிஸுக்கும் அது நினைவிருந்தது. ஆள் அன்றைக்கு மூக்கு முட்டக் குடித்திருந்தார். மோதிரத்தை ஈரல் உருண்டை சூப்பில் போட்டுவிட்டார். கரண்டியால் துழாவி எடுத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தது இவள்தான். அதையெல்லாம் சொல்லவில்லை. "நல்ல சாயங்காலம் அது, டான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளுக்குள் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவர்கள் எதற்காக அழுகிறார்கள்? சமையலறைக் கதவு முப்பது வருடமாக அவள் தோளை இடித்துக்கொண்டிருந்தது. சுருட்டுப் புகை தலைமுடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. கை நீட்டிக் கிள்ளும் கிழவர்கள் இருந்தார்கள். கட்டடம் போனால் போகட்டும், வேலை போனதுதான் கஷ்டம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில், நாடு முழுக்க ஒரே மாதிரி கட்டப்பட்ட உணவகங்களில் ஒன்று. அங்கே மேனேஜர் ப்ராடி என்ற இளைஞன். சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொள்ள வேண்டும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லோரும் கூடிக் கைதட்டிப் பாட வேண்டும். ஆர்டர் எடுக்கும்போது மேஜைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே பார்த்துப் பேச வேண்டும்.

"மண்டி போடுறதுக்கு நான் ரெடி, தம்பி" என்றாள் மார்லிஸ். "எழுப்பிவிட யாரை நிறுத்தப் போற?"

ப்ராடி சிரித்துவிட்டான். அவளுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்குக் கிடைத்தது. பாட்டுப் பாடுவதிலிருந்து கிடைக்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மதியம், மேற்கே மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். ஸ்டிரைக்கர் என்று பெயர். போலாசெக் கடைக்கு வருடத்துக்கு நான்கைந்து முறை வருபவர்கள். பளபளப்பான மெனு அட்டையைக் கிழவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மார்லிஸ் பென்சிலோடு காத்திருந்தாள். கடைசியில் அவர் அட்டையை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மார்லிஸ், நான் என்ன சாப்பிடுவேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். எலும்போடு சேர்ந்த துண்டு, நடுவில் நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கைப் பிளந்து வெண்ணெய் மட்டும். அவர் மனைவிக்கு சின்னத் துண்டு, கருகும்வரை, அதைப் பார்த்து அவர் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வார். அவள் உள்ளே போய்ச் சொன்னாள். வந்தது வேறு ஏதோ. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஸ்டிரைக்கர் குறை சொல்லவில்லை. மரியாதையாக முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல, மார்லிஸ். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மனைவி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்தப் பொய் மார்லிஸுக்குத் தாங்கவில்லை. டான் ஹ்ருஸ்காவின் கண்ணீர் செய்யாததை அந்த மரியாதை செய்துவிட்டது. ஒரு மனிதன் களைத்துப்போய் வந்து உட்காரும்போது, அவன் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவனைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இத்தனை வருடமாகத் தான் பரிமாறியது அதைத்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்று வேலை முடிந்ததும் நேரே எமில் வீட்டுக்குப் போனாள். மாலை நான்கு மணிக்குத் திரைச்சீலை எல்லாம் மூடியிருந்தது. எமில் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நான்கு நாள் தாடி. லிபி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போதுகூட அவர் சவரம் செய்யாமல் இருந்ததில்லை.

"மருந்துக்கடை கம்பெனிக்காரங்க வந்தாங்க" என்றார் எமில். "மூலை இடம், ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"குடுக்கப் போறீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? அடுப்பு வாங்கலாம், நாற்காலி வாங்கலாம். லிபி சிகாகோவுல தேடித் தேடி வாங்கினாளே கண்ணாடித் தட்டு, அதை எங்க போய் வாங்குவேன்? புதுசாக் கட்டினா அது இன்னொரு ஓட்டல், அவ்வளவுதான். அதான் நெடுஞ்சாலை பூரா இருக்கே. நீயே ஒண்ணுல இருக்க. பாட்டெல்லாம் பாடுறியாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"நான் கை மட்டும்தான் தட்டுறேன்."

எமிலின் வாயோரம் லேசாக அசைந்தது. மார்லிஸ் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, விக்கிறதுன்னா வித்துடுங்க. ஆனா ஒரு சாவுன்னா சாப்பாடு போடணும், இல்லயா? ஊர்ல எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. என்னால ஒரு உருளைக்கிழங்கு வாங்க முடியல. சர்ச் ஹால்ல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சமைச்சுப் போட்டு, முறையா அடக்கம் பண்ணிடலாம்."

"எதுல பரிமாறுவ? என்கிட்ட ஒரு முள்கரண்டிகூட மிஞ்சல."

"அது என் பாடு."

முள்கரண்டிகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கல்யாண விருந்து முடிந்து போகும்போது கைப்பைகள் கிணுகிணுவென்று சத்தம் போடுவதை முப்பது வருடமாகக் கேட்டவள் அவள். ஆரம்பத்தில் ஒருமுறை கோபத்தோடு லிபியிடம் போய்ச் சொன்னாள். "விடு மார்லிஸ்" என்றார் லிபி. "பிடிக்காத இடத்துலருந்து யாராவது சாம்பல் கிண்ணத்தைக் கொண்டுபோவாங்களா? எமில்கிட்ட மட்டும் சொல்லாத, மனுஷன் தூங்க மாட்டார்."

அடுத்த ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் குபாத் அறிவிப்புகளைப் படித்தார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மதியம் ஹாலில் போலாசெக் கடையின் கடைசிச் சாப்பாடு. எல்லோரும் வரலாம். அடுத்த வரியில் அவர் குரல் தடுமாறியது. "தட்டு, கத்தி, கரண்டி எதுவும் இல்லை. போலாசெக் கடையிலிருந்து யார் வீட்டுக்கு எது போயிருக்கிறதோ, அதைக் கையோடு கொண்டுவரவும். யாரையும் எதுவும் கேட்கமாட்டோம். இப்படிக்கு, மார்லிஸ்."

பின் வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஃபாதரின் காது இரண்டும் சிவந்திருந்ததை மார்லிஸ் முன்வரிசையிலிருந்து நன்றாகவே பார்த்தாள்.

ஓடெல் தீ விபத்துக்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் உப்பில்லாத சூப் செய்துகொண்டிருந்தார். மார்லிஸ் போன் செய்ததும், "எத்தனை மாடு?" என்று மட்டும் கேட்டார். ஞாயிறு விடிந்ததும் ஹாலுக்குப் பின்னால் இரும்புப் பீப்பாய்களை நீளவாக்கில் பிளந்து, அதில் கரி மூட்டி நின்றார். எமில் சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு வந்து, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

வாசலில் ஒரு நீள மேஜை போட்டு மார்லிஸ் நின்றுகொண்டாள். முதலில் ஃபாதர் குபாத் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை வைத்தார். ஆறு ஸ்டேக் கத்திகள், கொம்புக் கைப்பிடி.

"ஆறா, ஃபாதர்?"

"ஒரே தடவையில இல்லம்மா" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ஞானஸ்நான விருந்துக்கு ஒண்ணுன்னு."

பிறகு வரிசை நிற்கவில்லை. சாம்பல் கிண்ணங்கள், உப்புக் குடுவைகள், காளை முத்திரை போட்ட தட்டுகள், துணி நாப்கின்கள். லவோன் ஷ்ராம் என்ற அம்மாள், எண்பது வயது இருக்கும், மகனோடு வந்தார். மகன் கையில் சிவப்புத் தோல் வைத்த ஒரு முழு நாற்காலி.

"லவோன்! இதை எப்படி வெளியே கொண்டுபோனீங்க?"

"குளிர்காலம்டி" என்றார் லவோன். "அப்பல்லாம் கோட்டு பெருசா இருக்கும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. உள்ளேயிருந்து எமில் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அதன் மேல் மலைபோல் கிடந்ததைப் பார்த்தார். அவர் முகம் மெல்லமெல்லக் கறுத்தது.

"அடப்பாவிகளா. எல்லாரும் திருடனுங்களா? கரண்டி குறையுது கரண்டி குறையுதுன்னு பாத்திரம் கழுவுற பசங்களை நான் திட்டியே கொன்னிருக்கேன்!"

மார்லிஸ் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நடுவயது ஆண்கள் நான்கு பேர் இறங்கினார்கள். தார்ப்பாயை விலக்கி, தகரத்தில் செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்த, ஆள் உயரக் காளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடையின் கூரை மேல் நின்ற காளை அது. பல வருடம் முன்பு, ஒரு கால்பந்துப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் காணாமல் போனது. எமில் போலீசுக்குப் போயிருக்கிறார், பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். முன்னால் பிடித்திருந்தவர் தலை வழுக்கையான பல் டாக்டர் ஷிமெக்.

"நீயா?" என்றார் எமில். குரல் கிறீச்சிட்டது. "நீயாடா? போன வருஷம் ரெண்டு பல்லைப் பிடுங்கினியே! ஒரு மணி நேரம் உன் நாற்காலியில படுத்திருந்தேனே! ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் நினைச்சேன், மிஸ்டர் போலாசெக்" என்றார் டாக்டர். "நீங்க பேசுற நிலைமையில இல்ல."

பக்கத்திலிருந்த சிவப்பு நாற்காலியில் எமில் பொத்தென்று உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மார்லிஸ் பதறிப்போய்க் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க, லிபி போனதிலிருந்து அவள் பார்த்திராத ஒரு சிரிப்பு.

சாப்பாடு பாதி நடக்கும்போது ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து தயங்கி நின்றாள். லிங்கன் நகரத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். அவளை யாருக்கும் தெரியவில்லை. பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தாள். நான்கு பிரிவாக, விளிம்பில் இலை வெட்டிய தட்டு.

"எங்கம்மாவோடது. போன வருஷம் இறந்துட்டாங்க. சித்தி சொன்னாங்க, இது இங்கருந்து வந்ததுன்னு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா இதுலதான் கேரட்டு, செலரி எல்லாம் அடுக்கி வைப்பாங்க. யாரும் அதைத் தொட மாட்டோம். ஆனா அது இல்லாம சாப்பாட்டை ஆரம்பிக்க விடமாட்டாங்க."

எமில் அதை இரண்டு கையாலும் வாங்கினார். தானே தொட்டியில் கழுவி, தானே துடைத்து, ஐஸ் போட்டு, காய்களை அடுக்கி, அந்தப் பெண்ணின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். "உங்கம்மா எங்க உக்காருவாங்க, ஞாபகம் இருக்கா? ஜன்னல் பக்கமா?" என்று கேட்டு, அவள் எதிரே உட்கார்ந்தார். நெடுநேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது தட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு, சாயங்கால வெயில் ஹால் ஜன்னலில் இருக்கும்போதே, மார்லிஸ் கழுவ, எமில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த மருந்துக்கடைக்காரனுக்கு போன் பண்ணணும்" என்றார்.

"என்னன்னு?"

"வேற மூலை பாத்துக்கடான்னு."

மார்லிஸ் குழாயை மூடினாள். "அப்படின்னா இப்பவே சொல்லிடறேன். பழைய மாதிரியே அச்சு அசலாக் கட்டணும்னு நினைச்சீங்கன்னா நான் வரமாட்டேன். சமையலறைக்குப் போக ஒரு கதவு, வர ஒரு கதவு. புகை போக நல்ல மின்விசிறி. நாங்க நின்னு வேலை செய்யற இடத்துல ரப்பர் விரிப்பு."

"அவ்வளவுதானா?"

"யாரும் பாடக்கூடாது."

"முன்பக்கம், பரிமாறுறது பூரா உன் பொறுப்பு. நீ சொல்றதுதான்" என்றார் எமில். ஒரு தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்தார். "மார்லிஸ், உண்மையைச் சொல்லு. இத்தனை வருஷத்துல நீ ஒரு கரண்டிகூடவா எடுக்கல?"

"எடுத்துட்டுப் போய்? வீட்லயும் அதையே கழுவவா?"

ஓடெல் வெளியே கரியைக் கிளறிக்கொண்டே சத்தமாகச் சிரிப்பது கேட்டது.

கட்டி முடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன்கள் சனிக்கிழமைகளில் வந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள்; பல் டாக்டரும் அவர் கூட்டாளிகளும் காளையைக் கூரையில் ஏற்றி, இந்த முறை போல்ட் போட்டு இறுக்கினார்கள். நெடுஞ்சாலை உணவகத்தில் மார்லிஸின் கடைசி நாளன்று ப்ராடி அவளுக்கு ஒரு கேக் வெட்டினான். பாட்டுப் பாடினார்கள். அவளும் கூடச் சேர்ந்து பாடினாள்.

திறப்பு விழாவுக்கு ஜோலீன் ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்ற முடிவோடு வந்தவள், இரண்டு நாள் அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்பறேன்மா. போட்டுக்கறேன்னு சத்தியம் பண்ணு" என்றாள்.

"பண்றேன்."

"பொய் சொல்றப்ப உன் புருவம் ஏறும்."

"அப்ப புருவத்துக்கும் ஒரு பட்டை அனுப்பு" என்றாள் மார்லிஸ். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

குறை சொல்பவர்கள் வந்தார்கள். கம்பளம் அந்தச் சிவப்பு இல்லை என்றார் ஒருவர். விளக்கு வெளிச்சம் அதிகம் என்றார் இன்னொருவர். மார்லிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். சூப்பில் யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. கெட்டியான பனி, பிற்பகல் முழுக்க விடாமல். எமில் கண்ணாடிக் கதவு வழியே வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஈ காக்கா வராது. ஓடெல்லை வீட்டுக்குப் போகச் சொல்லவா?"

"அஞ்சு ஆகட்டும்" என்றாள் மார்லிஸ். மேஜை மேஜையாக மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் தயங்கித் தயங்கி வந்து நின்றது. ஒரு ஆணும் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இறங்கி, வாசலில் காலை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்பின் பார்த்திராத முகங்கள். கூரை மேல் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் காளையை ஆற்றுப் பாலத்திலிருந்து பார்த்ததாகவும், திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்தான் வந்ததாகவும் அந்த ஆள் சொன்னான்.

"திறந்திருக்கு" என்றாள் மார்லிஸ். அவர்களுடைய கோட்டுகளை வாங்கி மாட்டினாள். "வாங்க, உக்காருங்க. இங்க கதகதப்பா இருக்கும்."